கீழே துள்ளிய பந்து
பசங்க காசுக்காகக் கல்லூரி மாறுகிறார்கள், அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தே கெட்டுப்போச்சு என்று சொல்கிறவர்களிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்பேன், வால்டர் கிளேட்டன் ஜூனியர் ஆடிப் பார்த்திருக்கிறீர்களா? அயோனா கல்லூரியில் இரண்டு வருடம் ஆடிவிட்டு ஃபுளோரிடா பல்கலைக்கழகத்துக்கு வந்தவர். 2025 தேசியக் கல்லூரிப் போட்டியின் அரையிறுதியில் ஆபர்னுக்கு எதிராக 34 புள்ளிகள். இறுதியாட்டத்தில் ஹூஸ்டன் அவரை முதல் பாதி முழுக்க ஒரு புள்ளிகூட எடுக்க விடவில்லை, பிறகு ஹூஸ்டனுக்கு 12 புள்ளி முன்னிலை வேறு. ஆனாலும் 65-63 என்று ஃபுளோரிடா ஜெயித்தது. கடைசி நொடிகளில் ஹூஸ்டனின் இமானுவேல் ஷார்ப் மூன்று புள்ளிக்கு எம்புகிறார், கிளேட்டன் பாய்ந்து வந்து மறிக்க, எறிய முடியாமல் பந்தைக் கீழே விட்டவர், தானே தொட்டால் விதிமீறல் என்பதால் அது துள்ளுவதைப் பார்த்துக்கொண்டே நிற்கிறார். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

அப்புறம் காசு விஷயம். 2025 ஜூலையிலிருந்து கல்லூரிகளே ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம். எப்போதோ வந்திருக்க வேண்டியது, அரங்கம் நிரம்புவதே அவர்களால்தானே.

அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரான என்பிஏவில் எனக்கு இருக்கும் ஒரே குறை, ஒரு பருவத்துக்கு 82 ஆட்டம் ரொம்ப அதிகம். உடம்பு தாங்காது. 2025 இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில், ஏற்கெனவே கெண்டைக்கால் வலியோடு இறங்கிய இண்டியானாவின் ஹாலிபர்ட்டன் முதல் கால்பகுதியிலேயே மூன்று முறை மூன்று புள்ளிக் கூடை போட்டுவிட்டு, குதிகால் தசைநாண் அறுந்து, தரையைக் கையால் அடித்து அழுதாரே, எதிரணியான ஓக்லஹோமாவின் ரசிகர்கள்கூட அன்று கொஞ்ச நேரம் அடங்கிப்போயிருப்பார்கள்.