தண்ணி வரிசையில் படித்த பௌதிகம்: உயர்தரம் எழுதும் வன்னிப் பிள்ளைகளுக்கு

வெள்ளம் வந்தாலும் சரி, வீட்டில் ஒரு இழப்பு வந்தாலும் சரி, பிள்ளைகள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "அக்கா, மனம் படிப்பில நிக்குதில்லை, என்ன செய்ய?" 2024 நவம்பர் 25 இல் தொடங்கிய உயர்தரப் பரீட்சை மழை வெள்ளத்தால் இடையில் நிறுத்தப்பட்டு டிசம்பர் 4 இல் மறுபடி தொடங்கியபோது இந்தக் கேள்வியை நிறையக் கேட்டேன். என் பதில் எப்போதும் இதுதான்: உங்களைவிடக் கலங்கிப்போயிருக்கிற ஒரு பிள்ளையைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தி, உங்களுக்குத் தெரிந்த ஒரு கணக்கைச் சொல்லிக்கொடுங்கள்.

நான் உயர்தரம் எழுதியது 2009 ஓகஸ்டில், செட்டிகுளத்தில் இடம்பெயர்ந்த சனத்தை வைத்திருந்த மெனிக் பாம் முகாமில் இருந்து. மே மாதம்தான் யுத்தம் முடிந்திருந்தது. என் புத்தகப்பை விசுவமடுவோடு போய்விட்டது. எங்கள் கூடாரத்துக்குச் சற்றுத் தள்ளி ஒரு அக்கா இருந்தார். கம்பஸ் படிப்பு இடையில் நின்றவர். காணாமல்போன தம்பியின் பெயரைப் பட்டியல் பட்டியலாகத் தேடிக்கொண்டிருந்தவர். ஒரு பின்னேரம் எங்களிடம் வந்து, "ஏஎல் எடுக்கிற ஆக்கள் நாளைக்கு நாலு மணிக்கு வாங்கோ. பௌதிகம் செய்வம்" என்றார்.

அவரிடம் இருந்தது கடந்தகால வினாத்தாள் தொகுப்பு ஒன்றே ஒன்று. நடுவில் இருந்த கம்பியைக் கழற்றி, தாள் தாளாகப் பிரித்து, ஆளுக்கொன்று தந்தார். பவுசர் வரும்வரை தண்ணி வரிசையில் காலிக் கானோடு நிற்பது எப்படியும் நெடுநேரம். அந்த நேரத்துக்குள் ஆளுக்காள் தாளை மாற்றிக்கொள்வோம். எழுதக் கொப்பி இல்லாதபடியால் நிவாரணப் பொருள் வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து, அதன் உட்பக்கத்தில் விடை எழுதினோம். பேனை வழுக்கும், அழுத்தி எழுதவேண்டும். சரியான விடையைவிட வழிதான் முக்கியம் என்று அக்கா ஒவ்வொரு அட்டையையும் வாங்கிப் பார்த்து, பிழைத்த வரியின் கீழே ஒரு சின்னக் கோடு போடுவார். பிழை என்று சொல்லமாட்டார். "இந்த வரியை எனக்கு விளங்கப்படுத்து" என்பார்.

அவருக்கு மனம் தெளிந்திருந்தது என்று நினைக்காதீர்கள். சில நாட்களில் கண் சிவந்துதான் வருவார். ஆனால் நாலு மணிக்கு வருவார். நாளைக்கு என்ன நடக்கும், எப்போது வெளியே விடுவார்கள் என்று யாருக்கும் தெரியாத அந்த இடத்தில், நாளைக்கு நாலு மணிக்கு பௌதிகம் நடக்கும் என்பது மட்டும் எங்களுக்குத் தெரியும். நம்பிக்கை கொடுப்பது என்றால் இதைத்தான் நான் சொல்கிறேன். "எல்லாம் சரிவரும்" என்று சொல்ல அவரிடம் ஆதாரம் இருக்கவில்லை, சொல்லவும் இல்லை. சொன்ன நேரத்துக்கு வந்தார்.

எங்களோடு ஒரு தம்பி வந்து இருப்பான். தகப்பன் போய்விட்டார். வாயே திறக்கமாட்டான். அக்கா அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை, வேறு யாரையும் கேட்க விடவுமில்லை. கணக்கை உரத்துச் சொல்லிச் சொல்லிச் செய்துகொண்டே இருப்பார். ஒருநாள் உராய்வுக் கணக்கில் அவன் திடீரென்று, "அக்கா, இதில ஏன் சய வந்தது?" என்று கழித்தல் குறியைக் காட்டிக் கேட்டான். அக்கா அந்தச் சமன்பாட்டை அழித்துவிட்டு முதல் வரியிலிருந்து மறுபடி தொடங்கினார். துக்கத்தில் இருக்கும் சிநேகிதருக்கு அறிவுரை சொல்லி, புத்தகத்தைத் திற என்று நிற்காதீர்கள். பக்கத்தில் இருந்து படியுங்கள். அவர் கேட்கும்போது இருந்தால் போதும்.

இனி, நீங்கள் எப்படிச் செய்யலாம் என்று பார்ப்போம். மூன்று பேர் சேருங்கள், அதற்கு மேல் வேண்டாம், கதை கூடிவிடும். பௌதிகம் முதலாம் தாளில் 2 மணித்தியாலத்துக்கு 50 வினா, ஒன்றுக்கு 2 நிமிடம் 24 செக்கன். ஒருவர் செய்ய, ஒருவர் நேரம் பார்க்க, மற்றவர் புள்ளித்திட்டத்தோடு திருத்தட்டும். பிறகு மாறுங்கள். திருத்துகிறவருக்குத்தான் கூடுதலாகப் படிபடும், இது என் அனுபவம். இணைந்த கணிதத்தில் ஏ பகுதியின் 10 சிறு வினாக்களையும் ஆளுக்கு ஆள் பிரித்துச் செய்து, செய்தவர் மற்ற இருவருக்கும் விளங்கப்படுத்தவேண்டும். விளங்கப்படுத்தும்போது எங்கே தடக்குகிறீர்களோ, அந்த இடம் உங்களுக்கு இன்னும் தெரியாது.

பிள்ளைகள் வெளியே சொல்லாத ஒரு பயமும் இருக்கிறது. "நோட்ஸைக் குடுத்தா என்ர இடம் போயிடும்." இது வெறும் பயமல்ல. பல்கலைக்கழகத்தில் கலைப்பிரிவு தவிர்ந்த பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டம், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்கள் என்று இடம் பிரிக்கிறார்கள். மாவட்டப் பங்கு சனத்தொகைப்படி வருவதால் முல்லைத்தீவுக்கும் கிளிநொச்சிக்கும் மருத்துவத்துக்குக் கிடைக்கும் இடம் கொஞ்சம்தான். அயலில் இருக்கிற பிள்ளை உண்மையிலேயே போட்டியாளர்தான். ஆனால் அந்த 40 வீதம் நம் மாவட்ட எல்லைக்குள் அடங்கியது அல்ல. வன்னியின் நான்கு மாவட்டங்களும் அந்த 5 வீதப் பட்டியலிலும் உள்ளன. பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசெட் புள்ளியும் பாடத்துக்குத் தோற்றிய நாடு முழுவதையும் வைத்துக் கணிப்பது. ஒளித்துவைத்த கொப்பியால் வரும் லாபம் மிகச் சிறிது. சொல்லிக்கொடுத்து உங்களுக்குள் உறுதியாகும் பாடம் அதைவிடப் பெரிது என்று நான் நம்புகிறேன். அப்படியில்லாவிட்டாலும் கொடுங்கள். எங்கள் அக்கா தாளைக் கழற்றியபோது கணக்குப் பார்க்கவில்லை.

பெறுபேறு வரும் நாளைப் பற்றியும் சொல்லவேண்டும். நல்ல பெறுபேறு வந்தவர் வீட்டுக்குச் சனம் தானாகப் போகும். நீங்கள் அன்றைக்கே நல்ல பெறுபேறு வராதவர் வீட்டுக்குப் போங்கள். தாய் தகப்பனுக்கு முன்னால் அவரை இருத்தி, பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தடவை தோற்றலாம் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். வீட்டாருக்கு அது பலவேளை தெரியாது. எந்தப் பாடம் விழுத்தியது என்று இருவருமாகப் பார்த்து, உங்கள் கொப்பிகளைக் கையோடு கொடுத்து, எந்தக் கிழமை எத்தனை மணிக்குத் தொடங்குகிறீர்கள் என்று அங்கேயே பேசி முடித்துவிட்டு வாருங்கள்.