சூடு சோறு போடுமா?

மார்ச் 3, செவ்வாய்

அக்கா மகள் ஒரு படத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அமெரிக்காவின் யெல்லோஸ்டோனில் இருக்கும் கிராண்ட் பிரிஸ்மாடிக் ஊற்று. நடுவில் ஆழ்ந்த நீலம், சுற்றிலும் மஞ்சள், ஆரஞ்சு, பழுப்பு வளையங்கள். ஓரத்து நிறங்களெல்லாம் நுண்ணுயிர்கள் என்றேன். "இவ்வளவு சூட்டில் எதைச் சாப்பிடும் மாமா? சூட்டையேவா?" என்று கேட்டாள். கிட்டத்தட்ட அப்படித்தான் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். படுத்த பிறகும் அந்தப் பதில் உறுத்துகிறது. நான் சொன்னது தப்பு.

மார்ச் 4, புதன்

ஏன் தப்பு? வெப்பத்திடம் வேலை வாங்க வேண்டுமானால் ஒரு பக்கம் சூடும் மறுபக்கம் குளிர்ச்சியும் வேண்டும். நீராவி எந்திரம் ஓடுவதே அந்த வித்தியாசத்தில்தான். பாக்டீரியாவின் பருமனோ மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஊற்று 80 டிகிரி என்றால் அதன் உள்ளேயும் 80, வெளியேயும் 80. மேடு பள்ளம் இல்லாத தரையில் தண்ணீர் ஓடுமா?

இன்னும் சொல்லப்போனால் சூடு அதற்குச் செலவு. புரதங்கள் குலைகின்றன, செல்லைச் சுற்றியுள்ள மெல்லிய உறையான சவ்வு கசிகிறது. எல்லாவற்றையும் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும். அந்தச் செலவுக்கு வேறு எங்கிருந்தோ வரவு வந்தாக வேண்டும்.

மார்ச் 6, வெள்ளி

வரவுக்கணக்கைத் தேடிப் போனால் 1887-க்குப் போய் நிற்கிறேன். செர்கேய் வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய அறிஞர் பெக்கியடோவா என்ற பாக்டீரியாவைக் கவனிக்கிறார். அது ஹைட்ரஜன் சல்ஃபைடை எடுத்துக் கந்தக மணிகளாக உடம்புக்குள் சேர்க்கிறது, பிறகு அந்தக் கந்தகத்தையும் கரைத்து ஆற்றல் பெறுகிறது. வெயிலும் வேண்டாம், இன்னோர் உயிரின் உடலும் வேண்டாம், உயிரற்ற பொருளே போதும் என்ற எண்ணம் அங்கே பிறந்தது. பெக்கியடோவா கொதிநீரில் வாழ்வதல்ல. ஆனாலும் வெந்நீர் ஊற்று நுண்ணுயிர்களின் வழியும் அதே வழிதான்.

எலெக்ட்ரானைக் கொடுக்கத் தயாராக ஒரு பொருள், வாங்கிக்கொள்ளத் தயாராக இன்னொன்று. சூடான பாறைகளினூடே ஏறிவரும் நீர் ஹைட்ரஜன், ஹைட்ரஜன் சல்ஃபைடு, இரும்பு எல்லாம் சுமந்து வருகிறது. இவை கொடுப்பவை. மேலே காற்றில் ஆக்சிஜன் இருக்கிறது, அது வாங்குவது. இரண்டும் சந்திக்கும் இடம் ஊற்றின் வாய். அவை தாமாகக் கைகோக்கச் சற்று நேரம் பிடிக்கும். அந்த இடைவெளியில் நுண்ணுயிர் நடுவே புகுந்து தரகு எடுக்கிறது. அதுதான் அதன் சாப்பாடு.

2 கிராம் ஹைட்ரஜன், அதாவது ஒரு மோல், ஆக்சிஜனோடு சேர்ந்தால் சுமார் 237 கிலோஜூல் ஆற்றல். தாராளமான சாப்பாடு. ஆக்சிஜனே இல்லாத இடத்தில் ஹைட்ரஜனைக் கந்தகத்தோடு சேர்த்துப் பிழைக்கும் தெர்மோபுரோட்டியஸ் போன்ற நுண்ணுயிர்களுக்குக் கிடைப்பது ஏறக்குறைய 30 தான். செல்லுக்குள் ஆற்றல் நாணயமாகப் புழங்கும் ஏ.டி.பி. என்ற மூலக்கூறை ஒரு மோல் செய்யவோ 50 கிலோஜூல் அளவுக்கு வேண்டும். கணக்கு இடிக்கிறதே என்று வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

விடை 1961-இல் பீட்டர் மிட்செல் என்ற உயிர்வேதியியலாளர் சொன்ன கருத்தில் இருக்கிறது. கிடைக்கும் ஆற்றலை நேராக ஏ.டி.பி. ஆக்குவதில்லை. அதை வைத்துப் புரோட்டான்களை, அதாவது எலெக்ட்ரானை இழந்த ஹைட்ரஜன் அணுக்களை, சவ்வுக்கு வெளியே தள்ளுகிறது செல். அவை திரும்ப உள்ளே பாயும்போது ஏ.டி.பி. செய்யும் நொதி சக்கரம்போல் சுழல்கிறது. அப்படியென்றால் சில்லறையாக வந்தாலும் சேர்த்து வைத்து நோட்டாக மாற்றிக்கொள்ளலாம். 1978-இல் மிட்செலுக்கு நோபல் பரிசு கிடைத்தது. எனக்கு அது இன்றுதான் உண்மையில் புரிந்தது.

மார்ச் 9, திங்கள்

யெல்லோஸ்டோன் என்றதும் எல்லோரும் சொல்லும் பெயர் தெர்மஸ் அக்குவாட்டிகஸ் என்ற பாக்டீரியா. தாமஸ் பிராக்கும் ஹட்சன் ஃபிரீஸும் 1969-இல் அறிவித்தது. டி.என்.ஏ.வைப் பலமடங்கு நகலெடுக்கும் பி.சி.ஆர். சோதனைக்கு நொதி தந்த புகழ் அதற்கு உண்டு. ஆனால் அது மற்ற உயிர்கள் விட்ட கரிமப் பொருளை உண்பது. அடுப்பை மூட்டுவது வேறு ஆள்.

என் மனம் போவது அதே யெல்லோஸ்டோனின் ஆக்டோபஸ் ஊற்றிலுள்ள இளஞ்சிவப்பு இழைகளிடம். 80 டிகிரிக்கும் மேலான ஓடையில் நூல்நூலாக அலையும் அவற்றை 1960-களிலேயே பிராக் பார்த்துவிட்டார். ஆய்வகத்தில் வளர்க்க முடிந்தது 1998 வாக்கில்தான். தெர்மோகிரினிஸ் ரூபர் என்று பெயர். ஹைட்ரஜன், கந்தகம், தயோசல்ஃபேட் என்ற கந்தகச் சேர்மம் மூன்றில் எது கிடைத்தாலும் அதை ஆக்சிஜனோடு சேர்த்து வாழும். நீர் ஓடிக்கொண்டிருந்தால்தான் நீண்ட இழையாக வளர்கிறது. 80 டிகிரி நீரில் கரையும் ஆக்சிஜன், 25 டிகிரி நீரில் கரைவதில் பாதிகூட இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் ஓடும் நீர் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவந்து கொடுப்பது எவ்வளவு பெரிய உதவி!

அந்த ஊற்றுகளில் அழுகிய முட்டை வாடை அடிக்கும். அதனால் கந்தகம்தான் முக்கிய உணவு என்று நினைக்கத் தோன்றும். 2005-இல் நுண்ணுயிரியலாளர் நார்மன் பேஸின் குழு வெளியிட்ட ஆய்வு வேறு சொன்னது. அங்குள்ள நுண்ணுயிர்க் கூட்டத்துக்குப் பெரிய எரிபொருள் ஹைட்ரஜன். அதற்கு வாடையே கிடையாது!

மார்ச் 12, வியாழன்

சல்ஃபோலோபஸ் என்றொரு நுண்ணுயிர். கந்தகத்தைச் சல்ஃபியூரிக் அமிலமாக்கி, அந்த அமிலத்திலேயே 75-80 டிகிரியில் குடியிருப்பது. வெளியே பி.எச். (புளிப்பின் அளவு, எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 2 முதல் 3. உள்ளே ஏறக்குறைய 6.5. புரோட்டான் அடர்த்தியில் ஆயிரக்கணக்கான மடங்கு வித்தியாசம்.

அப்புறம் தோன்றியது: வெளியே புரோட்டான்கள் தாமே முட்டிக்கொண்டு நிற்கின்றனவே, உள்ளே விட்டுச் சக்கரத்தைச் சுழற்றினால் இலவச மின்சாரம்போல் ஆயிற்றே, கந்தகம் எதற்கு?

இன்று மதியம்தான் பிடிபட்டது. உள்ளே வந்த புரோட்டான் உள்ளேயே தங்கினால் உள்ளும் புளித்துப்போகும். செல் சாகும். வந்ததை வெளியேற்ற வேண்டும். அதற்குத்தான் கந்தகத்திலிருந்து வரும் ஆற்றல். ஓட்டைப் படகில் உட்கார்ந்து உள்ளே பீறிடும் நீரில் சக்கரம் சுழற்றுவது போன்றது இது. இறைப்பதை நிறுத்தினால் சக்கரமும் நிற்கும், படகும் முழுகும். அந்தப் படகின் பலகை மிக இறுக்கமானது என்பதையும் சொல்ல வேண்டும். சல்ஃபோலோபஸ் சேர்ந்த, பாக்டீரியாவிலிருந்து வேறான ஆர்க்கியா என்ற நுண்ணுயிர் இனத்துக்கே உரிய சவ்வுக் கொழுப்பு இரு பக்கத்தையும் ஒரே மூலக்கூறாகக் கோத்துக் கசிவைக் குறைக்கிறது.

மார்ச் 13, வெள்ளி

ஒரு வரி மட்டும். ஜப்பானுக்கு வடக்கே குரில் தீவுகளில் ஒன்றான குனாஷிரின் வெந்நீர் ஊற்றில் கிடைத்த கார்பாக்ஸிடோதெர்மஸ் என்ற பாக்டீரியா, நம்மைக் கொல்லும் கார்பன் மோனாக்ஸைடை நீரோடு சேர்த்து ஹைட்ரஜனை வெளிவிட்டு வாழ்கிறது. அந்த ஹைட்ரஜன் பக்கத்து நுண்ணுயிருக்குச் சாப்பாடு.

மார்ச் 15, ஞாயிறு

அக்கா மகளைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். அன்று சொன்னது தப்பு என்றேன். கோபப்படவில்லை, படத்தை மறுபடி விரித்தாள்.

நிறம் தொடங்கும் எல்லை ஏன் அங்கே இருக்கிறது என்று காட்டினேன். சுமார் 73 டிகிரிக்கு மேல் ஒளிச்சேர்க்கை நடப்பதில்லை. அதற்குக் கீழே சற்றுக் குளிர்ந்த நீரில், ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியாவான சைனோபாக்டீரியா வெயிலைப் பிடித்துப் பாய்போல் படர்கிறது. பகலில் ஆக்சிஜனை அள்ளி விடும். ராத்திரி ஆனதும் பாய்க்குள் ஆக்சிஜன் தீர்ந்துபோகும், பகலில் சேமித்த சர்க்கரையை நொதித்துக் காலம் தள்ளும். அப்போது கசியும் அசிட்டேட் என்ற கழிவை அடுத்த அடுக்கிலுள்ள குளோரோஃபிளெக்ஸஸ் என்ற பாக்டீரியா எடுத்துக்கொள்ளும். நைட்ரஜனைப் பிடிக்கும் நொதிக்கு ஆக்சிஜன் ஆகாது. அதனால் அந்த வேலையையும் சைனோபாக்டீரியா இரவிலிருந்து விடியல் வரைக்குள் முடித்துக்கொள்கிறது.

"அப்போ நடுவிலே நீலமா இருக்கிற இடம் காலியா?" என்று கேட்டாள்.

காலி இல்லை, அங்கே வெளிச்சத்தை நம்பாதவர்கள் இருக்கலாம் என்றேன். இளஞ்சிவப்பு இழைகளைப் பற்றிச் சொன்னேன். விரலை நீலத்தின் மேல் வைத்தபடியே, "ராத்திரி ஆனாலும் இவங்களுக்குச் சாப்பாடு வந்துக்கிட்டே இருக்கும், இல்லையா மாமா?" என்றாள்.

ஆமாம் என்றேன்.