ஏர்ஃபைபருக்கு மாறலாமா? நான் முடிவெடுத்த விதம்

வீட்டிலிருந்தே இணையம் வழியாக வீணை சொல்லிக்கொடுக்கிறேன். காலை ஆறரைக்கு கலிஃபோர்னியா பிள்ளைகள், சாயங்காலம் சிங்கப்பூர், இரவு எட்டு மணிக்கு துபாய். நெட் போனால் அன்றைய வகுப்பு போச்சு. தாம்பரம் பக்கம் எங்கள் தெருவில் மழைநீர் வடிகாலுக்குப் பள்ளம் தோண்ட ஆரம்பித்ததிலிருந்து ஃபைபர், அதாவது இணையம் வருகிற கண்ணாடி இழைக் கேபிள், அறுபடுவது வாடிக்கையாகிவிட்டது. மோடத்தில் எல்.ஓ.எஸ். என்று எழுதியிருக்கும் சிவப்பு விளக்கு மினுக்கினால் கேபிளில் ஒளி வரவில்லை என்று அர்த்தம். மோடத்தை அணைத்துப் போட்டுப் பிரயோஜனமில்லை, ஆள் வந்து ஜாயின்ட் போட்டால்தான் உண்டு. சனிக்கிழமை அறுந்தால் திங்கட்கிழமைதான் வருவார்கள்.

கேட்டவர்கள் எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: "பேசாமல் ஏர்ஃபைபர் போட்டுடுங்க." 2023 ஆகஸ்டில் ஏர்டெல்லும் செப்டம்பரில் ஜியோவும் இதைத் தொடங்கின. ஜியோவின் முதல் எட்டு நகரங்களில் சென்னையும் உண்டு. மொட்டை மாடியில் ஒரு பெட்டியை மாட்டுவார்கள், அது டவரிலிருந்து 5ஜி சிக்னலை வாங்கும், அங்கிருந்து ஒரு வயர் இறங்கி வீட்டு ரவுட்டருக்கு வரும். தெருவில் யார் எங்கே தோண்டினாலும் நம் வீட்டுக்கு வருகிற கேபிள் என்று அறுபட ஒன்றும் இல்லை. எனக்கு ஆசை வந்தது அதில்தான்.

ஆனால் சேல்ஸ் தம்பி வந்து பேசியது முழுக்க வேகத்தைப் பற்றியே. 30 எம்பிபிஎஸ், 100 எம்பிபிஎஸ். வீடியோ வகுப்புக்கு அவ்வளவு தேவையே இல்லை. ஜூமில் நல்ல தெளிவான வீடியோ அனுப்பவே மூன்று, நான்கு எம்பிபிஎஸ் அப்லோட் போதும். எனக்கு வேண்டியது சீராகப் போவது. ஜூமில் இசைக்காரர்களுக்கென்று 'ஒரிஜினல் சவுண்ட்' வசதி இருக்கிறது. அதைப் போட்டால்தான் தந்தியின் நாதம் அமுங்காமல் போய்ச் சேரும். இணையத்தில் ஒலி சின்னச் சின்ன டேட்டா பொட்டலங்களாகத்தான் போகும். அவை முன்னும் பின்னுமாகப் போனால் பேச்சையாவது ஊகித்துப் புரிந்துகொள்ளலாம். தோடியில் காந்தாரத்தை அசைத்துக் காட்டும்போது நடுவில் ஒரு துண்டு காணாமல் போனால், அந்தக் குழந்தை காதில் விழுவது வேறு ஸ்வரம்.

அதனால் பணம் கட்டும் முன் நானே சோதித்துப் பார்த்தேன். அதே கம்பெனியின் 5ஜி சிம் என் போனில் இருந்தது. ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸுக்குள் சிம் ஸ்டேட்டஸ் என்ற இடத்தில் சிக்னல் எவ்வளவு என்று எண்ணாகவே காட்டும். மைனஸ் 80, 90 என்றால் நல்லது, மைனஸ் 110-ஐத் தாண்டினால் தேறாது. கீழ்த்தள ஹாலில் தேறவில்லை. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனதும் மைனஸ் 85-க்கு வந்தது. பக்கத்து அடுக்குமாடிக் கட்டடம் மறைக்காத ஒரே மூலை அது. பெட்டியை அங்கே வைத்தால் சரிப்படும் என்று தெரிந்தது.

அப்புறம் வகுப்பு நடக்கும் நேரங்களிலேயே மாடியில் போனை வைத்து, ஹாட்ஸ்பாட் வழியாக லேப்டாப்பில் ஜூம் போட்டு, என் தங்கையை மறுமுனையில் உட்கார வைத்தேன். ஜூம் செட்டிங்ஸில் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் என்ற பகுதி உண்டு, பேசிக்கொண்டிருக்கும்போதே ஜிட்டர் (பொட்டலங்கள் வந்து சேரும் நேரத்தில் வரும் ஏற்ற இறக்கம்), பாக்கெட் லாஸ் (வழியில் தொலைந்துபோகும் பொட்டலங்கள்) இரண்டையும் காட்டும். ஜிட்டர் 40 மில்லி செகண்டுக்குள் இருப்பது நல்லது. காலையில் அருமை, ஃபைபருக்கும் இதற்கும் வித்தியாசமே தெரியவில்லை. சிங்கப்பூர் வகுப்பு நேரமும் பரவாயில்லை. இரவு எட்டு மணியிலிருந்து பத்து வரை கணக்கே மாறிவிட்டது. ஒரே டவரைத் தெருவே பங்கு போட்டுக்கொள்ளும் நேரம் அது. ஸ்பீட் டெஸ்டில் டவுன்லோட் அப்போதும் பெரிதாகத்தான் இருந்தது, ஜிட்டர் மட்டும் 60, 70 என்று எகிறியது. தங்கை "அக்கா, இழுக்குது" என்று சொல்லச் சொல்ல, துபாய் பிள்ளைகளை இதில் உட்கார வைக்க எனக்கு மனம் வரவில்லை. ஸ்பீட் டெஸ்ட் எண்ணை மட்டும் பார்த்து யாரும் பணம் கட்டாதீர்கள்.

மற்ற கணக்குகளையும் போட்டேன். ஏர்ஃபைபர் தொடங்கியபோது ஜியோவில் மாதம் 599 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்தால் 707. மாதத்துக்கு 1,000 ஜிபி. எச்டி படம் மணிக்கு சுமார் 3 ஜிபி என்று வைத்தால் 330 மணி நேரம் வரும், சாதாரண வீட்டுக்கு இது தாராளம். கரண்ட் போனால் என்ன செய்வது என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்: ஃபைபர் மோடத்துக்கு வாங்கிய 12 வோல்ட் குட்டி யுபிஎஸ் மாடிப் பெட்டிக்குப் பெரும்பாலும் சேராது, வீட்டு இன்வெர்ட்டரில் கொடுக்க வேண்டும்.

இதற்கிடையில் ஃபைபர் மறுபடி அறுந்தது. வந்த லைன்மேன் தம்பி ஸ்கூட்டர் மேல் மெஷினை வைத்து, முடி போன்ற இரண்டு இழைகளின் முனையைச் சீவி, சின்னத் திரையில் அவை நேருக்கு நேர் வரும்வரை காத்திருந்து ஒட்டினார். குடை பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவள் கேட்டேன்: "ஏன் தம்பி, எப்பப் பார்த்தாலும் எங்க வீடு மட்டும்தானா?"

"உங்க லைன் வடிகால் ஓரமாவே வருதுக்கா. பின் தெருவுல எங்க கம்பெனியோட கனெக்சன் பாக்ஸ் இருக்கு. அங்க தோண்டி முடிச்சிட்டாங்க. கம்பம் வழியா இழுத்தா பிரச்சினை இருக்காது."

இத்தனை மாதம் கஸ்டமர் கேரில் பேசியவர்கள் யாரும் இதைச் சொல்லவில்லை, புகார் எண் மட்டும் கொடுத்தார்கள். கேபிளுக்கும் கூலிக்கும் சில நூறு ரூபாய். பின் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டு, மறுநாளே லைனைப் பின்பக்கமாக மாற்றிக்கொண்டேன். வடிகால் வேலை முன்பக்கம் இன்னும் நடக்கிறது, சிவப்பு விளக்கு அதன்பின் வரவில்லை.

மாடிக்கு அனுமதி கேட்டபோது நான் செய்த சோதனையை எல்லாம் பார்த்துக்கொண்டிருந்த வீட்டுக்கார அம்மா, மேல் வீட்டுக்கு ஏர்ஃபைபரே போட்டுக்கொண்டார். "எனக்கு சீரியலும் பேரனோட வீடியோ காலும் ஓடினாப் போதும் டீச்சர்" என்றார். தண்ணீர்த் தொட்டி மூலையில்தான் பெட்டியை மாட்டச் சொன்னேன். அவருக்கு நன்றாகவே ஓடுகிறது. டவர் படுத்தால் அவர் எங்கள் வைஃபைக்கு வருவார், கேபிள் அறுந்தால் நாங்கள் அவருடையதற்குப் போவோம். பாஸ்வேர்டுகளை ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்டு விட்டோம்.