லைசன்ஸ் இல்லாத 21 மாதங்கள்

அபராதத்தை நான் ஒரே நாளில் கட்டி முடித்துவிட்டேன். மனைவியின் வளையல்கள் அடகுக்கடைக்குப் போயின, சீட்டுப் பணம் கரைந்தது, மூன்று நான்கு மாதங்களில் அந்த வலியும் ஆறிப்போனது. ஆனால் அதே தீர்ப்பின் கடைசி வரியாக மாஜிஸ்திரேட் குரலைச் சற்றும் உயர்த்தாமல் வாசித்த ஒரு வாக்கியம், இன்றுவரை தினமும் விடியற்காலையில் என்னை எழுப்பி உட்கார வைக்கிறது. குடித்துவிட்டு வாகனம் ஓட்டினால் என்ன தண்டனை என்று என்னிடம் கேட்பவர்கள் அபராதத் தொகையைத்தான் முதலில் கேட்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் நகரத்தை ஒட்டிய ஒரு தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) குடியிருக்கிறேன். பதினோரு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றில் கிராணியாக, அதாவது அலுவலக எழுத்தராக, இருக்கிறேன். எங்கள் ஊரிலிருந்து ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் பஸ் உண்டு, ரயில் நிலையமும் உண்டு. நகரத்திலிருந்து தோட்டங்களுக்குள் போவதற்குத்தான் ஒன்றும் கிடையாது. காலை ஆறு மணிக்குத் தொழிலாளர்கள் கூடும் பெரட்டுக்கு நிற்க வேண்டிய ஆளுக்கு மோட்டார் சைக்கிள் என்பது கால் மாதிரி. கால் இருக்கும்வரை யாரும் அதைப் பற்றி யோசிப்பதில்லை.

2023-ஆம் ஆண்டு தீபாவளிக்கு அடுத்த சனிக்கிழமை, நண்பர் ஒருவர் வீட்டுத் திறந்த இல்ல உபசரிப்பில் சாப்பிட்டுவிட்டு, நான்கு கிளாஸ் பீரும் கடைசியில் ஒரு சிறிய விஸ்கியும் அருந்திவிட்டு, இரவு பதினொன்றரை மணிக்குக் காரை எடுத்தேன். மனைவியும் பிள்ளைகளும் முன்னதாகவே மைத்துனருடன் வீட்டுக்குப் போயிருந்தார்கள் என்பது ஒன்றே அந்த இரவில் நடந்த நல்ல காரியம். முச்சந்தியைத் தாண்டியதும் ரோட்பிளாக். கண்ணாடியை இறக்கியவுடனே அந்த இளம் போலீஸ்காரர் முகத்தைச் சற்றுப் பின்னால் இழுத்துக்கொண்டார். பிறகு கையடக்கமான ஒரு கருவியை நீட்டி ஊதச் சொன்னார்.

அந்தக் கருவி முதற்கட்டச் சோதனைக்கு மட்டுமே உரியது என்பதும், வழக்குக்குச் சான்றாகும் அளவீடு காவல் நிலையத்தில் இருக்கும் பெரிய கருவியில் எடுக்கப்படும் என்பதும் எனக்கு அப்போது தெரியாது. நிலையத்தில் மீண்டும் ஊதினேன். சரியான காரணமின்றி ஊத மறுப்பதும் தனிக் குற்றமாகிவிடும் என்று முன்கூட்டியே விளக்கினார்கள். வந்த அளவு 33. அதாவது 100 மில்லிலிட்டர் மூச்சுக் காற்றில் 33 மைக்ரோகிராம் ஆல்கஹால். அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்குள் ஒரு நிம்மதி எழுந்ததைச் சொல்லத்தான் வேண்டும். ஏனென்றால் எல்லை 35 என்று பல ஆண்டுகளுக்கு முன் யாரோ சொல்லி என் மனதில் பதிந்திருந்தது. அது பழைய கணக்கு. 2020-ஆம் ஆண்டு மே, ஜூன் மாதங்களில் குடிபோதை ஓட்டுநர்களால் அடுத்தடுத்து உயிர்கள் பலியானதைத் தொடர்ந்து 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம் திருத்தப்பட்டு, அந்த ஆண்டு அக்டோபர் 23 முதல் மூச்சுக்கான எல்லை 35-லிருந்து 22 மைக்ரோகிராமாகவும், இரத்தத்துக்கான எல்லை 80 மில்லிகிராமிலிருந்து 50 மில்லிகிராமாகவும் குறைக்கப்பட்டுவிட்டது. மூன்று ஆண்டுகளாக நடைமுறையில் இருந்த ஒரு சட்டத்தை, தோட்ட அலுவலகத்தில் நாளெல்லாம் படிவங்களோடு புழங்கும் நான், ஒருமுறைகூட எடுத்துப் பார்த்திருக்கவில்லை. அன்றிரவு தடுப்பறையில் கழிந்தது. மறுநாள் மைத்துனர் வந்து ஜாமீனில் எடுத்தார்.

வழக்கு மார்ச் மாதம் நீதிமன்றத்துக்கு வந்தது. இடைப்பட்ட நான்கு மாதங்களில் உறவினர்கள் கொடுத்த ஆலோசனைகளைத் தனியாக எழுதினால் ஒரு நோட்டுப்புத்தகம் நிரம்பும். "போக்குவரத்து அபராதச் சம்மன் மாதிரிதானே, தள்ளுபடி வரும், பொறு" என்றார் ஒருவர். "ஆளைப் பிடி" என்றார் இன்னொருவர். கடைசியில் ஈப்போவில் பணிபுரியும் ஒரு பெண் வழக்கறிஞரிடம் போனேன். நான் தள்ளாடவில்லை, யாரையும் இடிக்கவில்லை, நேராகத்தான் ஓட்டி வந்தேன் என்று நான் அடுக்கிக்கொண்டே போனதை அவர் முழுவதும் கேட்டார். பிறகு சொன்னார்: "அண்ணே, நீங்க ஆடுனீங்களா, நேரா ஓட்டுனீங்களான்னு 45ஏ பிரிவு கேக்காது. அளவு கூடியிருக்கா, இல்லையா, அவ்வளவுதான்."

போதையால் கட்டுப்படுத்த இயலாத நிலையில் வாகனத்தைத் தன் பொறுப்பில் வைத்திருப்பது 45-ஆவது பிரிவின் கீழ் வரும் குற்றம். என்மீது சுமத்தப்பட்டிருந்தது 45ஏ. அதில் அளவீடே குற்றம். முதல் முறை குற்றவாளிக்கு 10,000 ரிங்கிட்டுக்குக் குறையாமலும் 30,000 ரிங்கிட்டுக்கு மேற்படாமலும் அபராதம், இரண்டு ஆண்டுகள் வரை சிறை, அத்துடன் ஓட்டுநர் உரிமம் வைத்திருக்கும் தகுதியைக் குறைந்தது இரண்டு ஆண்டுகளுக்கு இழத்தல் என்று அவர் விளக்கினார். திருத்தத்துக்கு முன்பு அபராதம் 1,000 ரிங்கிட்டிலிருந்து தொடங்கியதாம். "அபராதத்துக்கும் ஜெயிலுக்கும் நான் பேசலாம்ணே. லைசன்ஸுக்கு ரெண்டு வருஷத்துக்குக் கீழ கேக்க எனக்கு வழியே இல்ல" என்று அவர் சொன்னபோது, சிறை இல்லை என்றால் போதும் என்ற எண்ணத்தில் நான் வேகமாகத் தலையாட்டினேன்.

நீதிமன்றத்தில் குற்றச்சாட்டு மலாய் மொழியில் வாசிக்கப்பட்டது. வேண்டுமானால் தமிழில் மொழிபெயர்க்கிறோம் என்றார்கள். எனக்கு மலாய் நன்றாகவே தெரியும் என்றாலும் தமிழிலும் கேட்டேன். கேட்டது தவறோ என்று பிறகு தோன்றியது, ஏனெனில் மலாயில் ஒரு சட்டப் பிரிவாக ஒலித்தது தமிழில் என் பெயரோடு சேர்ந்து ஒலித்தது. குற்றத்தை ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொள்வதன் விளைவு புரிகிறதா என்று கேட்டார்கள், புரிகிறது என்றேன். வழக்கறிஞர் என் பிள்ளைகளையும், வயதான தாயாரையும், முன் குற்றம் எதுவும் இல்லாததையும் எடுத்துரைத்தார். அரசுத் தரப்பு பாடமாக அமையும் தண்டனை வேண்டும் என்றது. 11,000 ரிங்கிட் அபராதம், கட்டத் தவறினால் 5 மாதச் சிறை, தீர்ப்பு நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்கு உரிமத் தகுதி இழப்பு. மொத்தமும் அரை மணி நேரத்துக்குள் முடிந்தது.

தீர்ப்பு நாளிலிருந்து என்ற சொல்லின் பொருள் எனக்கு வாகன நிறுத்துமிடத்தில்தான் உறைத்தது. அன்று காலை நானேதான் காரை ஓட்டிக்கொண்டு வந்திருந்தேன், அப்போது என் உரிமம் செல்லுபடியானது. பணம் கட்டி, அட்டையை ஒப்படைத்து, ரசீதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பழக்க தோஷத்தில் கார்க் கதவைத் திறந்து இருக்கையில் உட்கார்ந்தபோது வழக்கறிஞர் ஓடிவந்து கண்ணாடியைத் தட்டினார். சாவியை வாங்கிக்கொண்டு, "எறங்குங்கண்ணே" என்றார். மைத்துனர் வேலை முடிந்து வரும்வரை நீதிமன்றத்துக்கு எதிரே இருந்த கடையில் நான்கு மணி நேரம் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

கார் போனால் போகட்டும், மோட்டார் இருக்கிறது என்று அந்தக் கடையில் உட்கார்ந்துதான் கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கும் தவறு. பறிபோனது கார் ஓட்டும் உரிமை மட்டுமல்ல, எந்த வகுப்பு உரிமத்தையும் வைத்திருப்பதற்கோ புதிதாகப் பெறுவதற்கோ ஆன தகுதியே பறிபோகிறது. கார், மோட்டார், லாரி எல்லாம் ஒரே வாக்கியத்துக்குள் அடங்கிவிடுகின்றன. லாரி ஓட்டிப் பிழைப்பவருக்கு இதே தீர்ப்பு வந்தால் அன்றோடு வேலையும் போய்விடும், அந்த வகையில் நான் தப்பித்தவன்தான்.

பிறகு தோட்டத்துச் சாலை பற்றிய யோசனை வந்தது. இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் பக்கத்தில் இதைப் பலரும் தவறாகவே நம்புகிறார்கள். தோட்டத்துச் சாலை கம்பெனியின் நிலம், தனியார் இடம், அங்கே லைசன்ஸ் கேட்க யாருக்கும் அதிகாரம் இல்லை என்பது பரம்பரையாக வரும் பேச்சு. முகப்பு வளைவு வரை யாராவது இறக்கிவிட்டால், அங்கிருந்து டிவிஷன்கள் எனப்படும் தோட்டப் பிரிவுகளுக்குள் மோட்டாரில் சுற்றிக்கொள்ளலாம் என்று நானும் திட்டமிட்டு, வழக்கறிஞருக்குத் தொலைபேசினேன். அந்தச் சாலையில் வெளியாட்கள் வருவார்களா என்று கேட்டார். பள்ளி வேன் வரும், தபால்காரர் வருவார், வெள்ளிக்கிழமைகளில் மாரியம்மன் கோயிலுக்கு நகரத்திலிருந்து குடும்பங்கள் வரும், பழம் ஏற்றும் லாரிகள் வரும் என்றேன். அப்படியானால் அது பொதுமக்கள் புழங்கும் சாலை, சட்டத்தின் பொருள்விளக்கத்தில் சாலை என்பது அரசாங்கச் சாலையை மட்டும் குறிக்காது, பொதுமக்கள் சென்றுவரும் பிற சாலைகளையும் சேர்த்துத்தான் குறிக்கிறது என்றார். தகுதி இழந்த காலத்தில் ஓட்டுவது தனிக் குற்றம் என்பதோடு, அந்த நேரத்தில் யாரையாவது இடித்துவிட்டால் காப்புறுதி நிறுவனம் எனக்காக வந்து நிற்காது என்றும் நினைவுபடுத்தினார். முப்பது ஆண்டுகளாகப் பெரட்டுக்களத்தில் நான் பார்த்துப் பழகிய பிள்ளைகள் குறுக்கும் நெடுக்கும் ஓடும் சாலை அது. என் ஹோண்டா இஎக்ஸ்5 அன்றே வீட்டுப் பின்புறம் கித்தான் போர்த்தப்பட்டு நின்றுவிட்டது.

இப்போது ஒரு மண்டோரின் (தொழிலாளர் மேற்பார்வையாளரின்) மோட்டாரில் பின்னால் உட்கார்ந்து வேலைக்குப் போகிறேன். அவர் வேண்டாம் என்றாலும் மாதம் 120 ரிங்கிட் பெட்ரோலுக்காகக் கொடுத்துவிடுகிறேன். அவருக்கு விடுமுறை என்றால் சைக்கிள்தான், போக ஐம்பது நிமிடம், திரும்பி வர ஒரு மணி நேரத்துக்கு மேல், ஏனென்றால் வரும் வழி ஏற்றம். செயலி வழி வரும் அழைப்புக் கார்கள் தோட்டம் என்ற பெயரைப் பார்த்தாலே பயணத்தை ரத்து செய்துவிடுகின்றன, அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. அலுவலக வாகனத்தில் வங்கிக்குப் போய்வரும் பொறுப்பு சின்னக் கிராணியிடம் போய்விட்டது. அதற்குரிய படியும் அவரோடு போயிற்று.

இந்த மாதங்களில் மிகக் கடினமான இரவு எதுவென்று கேட்டால், தடுப்பறை இரவைச் சொல்ல மாட்டேன். தீர்ப்புக்குப் பிறகு மூன்றாவது மாதம், நள்ளிரவு இரண்டு மணிக்கு இளைய மகளுக்குக் காய்ச்சல் கொதித்தது. கார் வாசலில் நின்றது. சாவி சாமி படத்துக்குப் பக்கத்து ஆணியில் தொங்கியது. மனைவி என்னையும் சாவியையும் மாறி மாறிப் பார்த்தாளே தவிர, எடுங்கள் என்று சொல்லவில்லை. பாக்சிக் என்று நாங்கள் அழைக்கும் பக்கத்து வீட்டு மலாய்ப் பெரியவரின் கதவைத் தட்டினேன். ஓய்வுபெற்ற மனிதர், ஒரு கேள்வியும் கேட்காமல் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து எங்களை மருத்துவமனையில் சேர்த்தார். வாசலில் கார் இருந்தும் ஏன் தன்னை எழுப்பினோம் என்று அவர் கேட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். கேட்காததால் மறுநாள் நானே போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. வாழ்நாளில் மதுவைத் தொட்டிராத ஒரு முஸ்லிம் பெரியவரிடம், குடித்துவிட்டு ஓட்டியதால் உரிமம் போயிற்று என்று மலாயில் சொல்வதற்குச் சொற்களைத் தேடிக்கொண்டு வேலியோரம் நின்றேன். சொல்லி முடித்ததும் அவர் கேட்டது ஒன்றுதான், மகளுக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டதா என்பது.

அந்த வாரமே மனைவி ஓட்டுநர் பள்ளியில் பெயர் கொடுத்தாள். ஆறு மணி நேர வகுப்பு, பிறகு கணினியில் 50 கேள்விகள், தேர்ச்சிக்கு 42 சரியாக இருக்க வேண்டும். அவள் 44 எடுத்தாள். மேட்டில் காரை நிறுத்தி எடுக்கும் சோதனையில் முதல் முறை தவறி, இரண்டாம் முறை தேறினாள். இப்போது எங்கள் மைவி காரின் கண்ணாடியில் புது ஓட்டுநருக்கான 'பி' ஒட்டியிருக்கிறது. நான் இடப்பக்க இருக்கையில் உட்கார்ந்து, வாய் திறக்கக் கூடாது என்ற நிபந்தனைக்குக் கட்டுப்பட்டு வருகிறேன்.

குடி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். விசேஷங்களில் இன்னும் ஒரு கிளாஸ் எடுப்பதுண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் இரண்டாம் முறை அகப்பட்டால் அபராதம் 20,000 முதல் 50,000 ரிங்கிட், சிறை 5 ஆண்டுகள் வரை, உரிமத் தகுதி இழப்பு குறைந்தது 5 ஆண்டுகள் என்பது இப்போது எனக்கு மனப்பாடம். போதையில் ஓட்டி ஒரு உயிரைப் பலிவாங்கிவிட்டால் முதல் முறையிலேயே 10 முதல் 15 ஆண்டுச் சிறை. குடித்துவிட்டுக் காரிலேயே படுத்துத் தூங்கிவிடலாமே என்று மைத்துனர் ஒருமுறை சொன்னபோது, ஓட்டுநர் இருக்கையில் சாவியோடு இருப்பவரை வாகனத்தைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவராகக் கருதவும் சட்டத்தில் இடம் உண்டு என்று நான் சொல்லப்போய், வீட்டில் எனக்கு 'லாயர்' என்று பட்டப்பெயர் வந்துவிட்டது.

போன மாதம் பக்கத்து டிவிஷனில் வேலை செய்யும் ஓர் இளைஞன் என்னைத் தேடி வீட்டுக்கு வந்தான். ரோட்பிளாக்கில் அகப்பட்டிருக்கிறான், அளவு 41, வழக்குத் தேதி வந்துவிட்டது. "எவ்வளவு வெள்ளி அண்ணே ஆகும்?" என்று கேட்டான். தொகையைச் சொன்னேன், வழக்கறிஞரின் எண்ணைக் கொடுத்தேன். பிறகு, அன்றைக்குக் கோர்ட்டுக்கு எப்படிப் போகப் போகிறாய் என்று கேட்டேன். மோட்டாரில்தான் என்றான். வேண்டாம், திரும்பி வரும்போது உன்னால் அதைத் தொட முடியாது என்றேன். வழக்கு நாளன்று அவன் பின்னிருக்கையில் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருக்க, நான் முன்னால் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்க, மனைவிதான் எங்கள் இருவரையும் கோர்ட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனாள்.