கூடவும் கூடாது, குறையவும் கூடாது

விவிலியத்தில் யாத்திராகமத்தின் 30ஆம் அதிகாரத்தில் வரும் அரைச் சேக்கல் (சேக்கல் என்பது பழைய எபிரெய எடை அளவு) காணிக்கையை நான் நெடுநாள் வெறும் வரிக்கணக்காகவே வாசித்து வந்தேன். இஸ்ரவேல் மக்களைக் கணக்கெடுக்கும்போது, இருபது வயதும் அதற்கு மேலும் ஆன ஒவ்வொருவனும் தன் உயிருக்கு ஈடாக அரைச் சேக்கல் வெள்ளி கொடுக்க வேண்டும். செல்வன் அதற்கு மேல் கொடுக்கக் கூடாது, ஏழை அதற்குக் கீழே கொடுக்கக் கூடாது என்பது அங்குள்ள கட்டளை. இந்தக் கடைசி விதிதான் என்னை உறுத்தியது. கை நிறைய வைத்திருப்பவனிடமும் அடுத்த வேளை உணவுக்கு வழி தேடுபவனிடமும் ஒரே தொகையைக் கேட்பது எந்த நியாயத்தில் சேரும் என்று கேட்டுக்கொள்வேன். விடை காணாமலே அடுத்த பகுதிக்குப் போய்விடுவேன்.

என் எண்ணம் மாறத் தொடங்கியது 38ஆம் அதிகாரத்தில், பாலைவனத்தில் வழிபாட்டுக்கென அமைத்த ஆசரிப்புக் கூடாரத்தின் வரவு செலவு ஒப்படைக்கப்படும் இடத்தில். எண்ணப்பட்டவர்கள் 6,03,550 பேர் என்றும், அவர்களிடமிருந்து சேர்ந்த வெள்ளி 100 தாலந்தும் 1,775 சேக்கலும் என்றும் அங்கே எழுதியிருக்கிறது. ஒரு மாலைப்பொழுதில் பென்சிலை எடுத்துப் பக்கத்தின் ஓரத்திலேயே கணக்குப் போட்டுப் பார்த்தேன். தலைக்கு அரை என்றால் மொத்தம் 3,01,775 சேக்கல். தாலந்துக்கு 3,000 சேக்கல் என்பதால் 100 தாலந்து போக மிச்சம் சரியாக 1,775. அந்த 1,775 சேக்கலும் தூண்களின் கொக்கிகளுக்கும் பூண்களுக்கும் போயிற்று. 100 தாலந்தையும் உருக்கி 100 பாதங்களை, அதாவது அடியில் தாங்கும் பீடங்களை, வார்த்தார்கள்: கூடாரத்தின் 48 பலகைகளுக்குப் பலகைக்கு இரண்டாக 96, உள்ளறையான மகா பரிசுத்த ஸ்தலத்தின் திரைச்சீலையைத் தாங்கிய தூண்களுக்கு 4. அப்படியானால் ஒவ்வொரு பாதத்திலும் 6,000 பேருடைய வெள்ளி ஒன்றாய் உருகிக் கலந்திருக்கிறது. இதில் என் துளி எது, உன் துளி எது என்று எவராலும் பிரித்துக் காட்ட முடியாது.

அதே கூடாரத்துக்கு மக்கள் மனமுவந்து கொண்டுவந்த காணிக்கைகளும் உண்டு. பொன், வெண்கலம், நீல நூல், இரத்தினங்கள் என்று வந்து குவிந்ததில், இனி எவரும் கொண்டுவர வேண்டாம் என்று மோசே பாளயமெங்கும் அறிவிக்க வேண்டியதாயிற்று. அவரவர் வசதிக்கும் ஆசைக்கும் ஏற்ப வந்த அந்தக் கொடைகள் விளக்காகவும் பெட்டியாகவும் திரையாகவும் கண்முன் மின்னின. எல்லோரும் சமமாகக் கொடுத்த வெள்ளியோ பலகைகளுக்கு அடியில், பாலைவன மணலை ஒட்டிக் கிடந்து எல்லாவற்றையும் தாங்கியது. அழகுக்கு ஏற்றத்தாழ்வு இருக்கலாம், அடித்தளத்துக்கு இருக்கலாகாது என்று நான் இதைப் புரிந்துகொண்டேன்.

பிற்காலத்தில், எருசலேம் ஆலயத்தில் இது ஆண்டுதோறும் கொடுக்கும் காணிக்கையாக நிலைபெற்றது. யூதரின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் சேக்காலிம் என்று ஒரு பகுதியே இதற்கென இருக்கிறது. யூத நாட்காட்டியின் ஆதார் மாதம் முதல் நாள் அறிவிப்புச் செய்வார்கள். 15ஆம் நாள் ஆலயத்துக்கு வெளியேயும் 25ஆம் நாள் ஆலயத்திலும் நாணயம் மாற்றுவோரின் மேசைகள் போடப்படும். ஒவ்வொரு நாளும் காலையிலும் மாலையிலும் மக்கள் அனைவரின் பெயரால் செலுத்தப்பட்ட ஆட்டுக்குட்டிப் பலி இந்தப் பணத்திலிருந்துதான் வாங்கப்பட்டது. இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் என் பழைய கேள்விக்கு விடை கிடைத்தது. செல்வன் நூறு மடங்கு கொடுக்கலாம் என்றிருந்தால், அந்தப் பலியில் நூறு பங்கு அவனுடையதாகிவிடும். ஏழைக்கு விலக்கு அளித்திருந்தால், அவன் அந்தப் பலியை வெளியே நின்று வேடிக்கை பார்ப்பவனாகிவிடுவான். 12ஆம் நூற்றாண்டின் யூதச் சட்ட அறிஞர் மைமோனிடிஸ், தருமத்தில் பிழைக்கும் ஏழையும் கடன் வாங்கியோ உடுத்திய மேலாடையை விற்றோ அரைச் சேக்கலைக் கொடுக்க வேண்டும் என்றும், இன்று கொஞ்சம் நாளை கொஞ்சம் என்றில்லாமல் ஒரே தடவையில் கொடுக்க வேண்டும் என்றும் எழுதுகிறார். முதன்முதலில் வாசித்தபோது இது கொடுமையாகவே பட்டது. இப்போதும் அந்தக் கடுமை எனக்கு முழுவதும் மறைந்துவிடவில்லை. ஆயினும், உன்னிடமிருந்து எதுவும் வேண்டாம் என்று ஒருவனை ஒதுக்கிவைக்கும் இரக்கத்தைவிட, நீயும் பங்காளி, உன் பங்கு வந்தாக வேண்டும் என்று கேட்கும் சட்டம் அவனை அதிகம் மதிக்கிறது என்றே நம்புகிறேன். அந்த ஏழைக்காக இன்னொருவர் கொடுப்பதற்கும் வழி இருந்தது: அதைக் கடனாக இல்லாமல் கொடையாகவே செலுத்துபவரிடம், நாணய மாற்றுக்காக வாங்கும் சிறு மேல்தொகையைக்கூட வாங்குவதில்லை என்று மிஷ்னா சொல்கிறது.

எனக்கு இதில் சொந்தப் பாடம் ஒன்று உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பொதுக்காரியத்துக்கு மற்றவர்களைவிடச் சற்றுக் கூடுதலாகக் கொடுத்திருந்தேன். அதன்பின் நடந்த கூட்டத்தில் என் யோசனையை ஏற்காமல் வேறொருவர் சொன்னதை ஏற்றுக்கொண்டபோது எனக்குள் எழுந்த கோபத்தை நான் மறக்கவில்லை. கொடுத்தது கொடையன்று, சொல்லுக்கு எடை கூட்டிக்கொள்ளப் போட்ட முதலீடு என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அதிகமாய்க் கொடுக்காதே என்ற தடை ஏன் செல்வனை நோக்கி முதலில் சொல்லப்பட்டது என்பதும் அந்தக் கோபத்திலிருந்தே எனக்கு விளங்கிற்று.

ஏன் முழுச் சேக்கலாக இல்லாமல் அரை என்பதற்கு யூத ஆசிரியர்கள் பல விளக்கங்கள் சொல்வார்கள். தனி மனிதன் என்பவன் பாதிதான், மறுபாதி அவன் அருகில் நிற்பவனிடம் இருக்கிறது என்பது அவற்றுள் எளியது. அந்தக் கட்டளையில் வரும் ‘கொடுப்பார்கள்’ என்ற எபிரெயச் சொல்லை வலமிருந்து வாசித்தாலும் இடமிருந்து வாசித்தாலும் ஒன்றே. மாலைமாற்று பாடிய மொழிக்காரர்களான நமக்கு அதன் சுவையைச் சொல்ல வேண்டியதில்லை: கொடுத்தது கொடுத்தவனிடமே திரும்பி வருகிறது.

ஆலயக் கருவூல அறையைப் பற்றிய காட்சிதான் என்னை மிக நெடுநேரம் நிறுத்தி வைப்பது. ஆண்டுக்கு மூன்று முறை ஒருவர் உள்ளே சென்று, மூன்று கூடைகளில் காசை அள்ளி வருவார். அவர் மடித்துத் தைத்த விளிம்புள்ள ஆடை உடுத்தக் கூடாது, காலணி கூடாது, செருப்பு கூடாது, தாயத்துகூடக் கூடாது. பின்னாளில் அவர் ஏழையானால், கருவூலத்தில் கைவைத்த பாவம் என்பார்கள். செல்வரானால், கருவூலத்தில் எடுத்தது என்பார்கள். கடவுளுக்கு முன் குற்றமற்றிருப்பது போல மனிதருக்கு முன்னும் குற்றமற்றிருக்க வேண்டும் என்று மிஷ்னா காரணம் கூறுகிறது. பொதுப்பணத்தைத் தொடும் கைக்கு நேர்மை மட்டும் போதாது, அந்த நேர்மை எல்லோர் கண்ணுக்கும் தெரிய வேண்டும். அவர் அள்ளும் காசு யார் யாருக்காக என்பதையும் மிஷ்னாவை விரித்துரைக்கும் தால்மூத் சொல்கிறது: வந்து சேர்ந்த காசுக்காக, வரும் வழியில் தொலைந்துபோன காசுக்காக, இனி வரவிருக்கும் காசுக்காக. அனுப்பிய காசு வழியில் தொலைந்த ஒரு தூரதேசத்து ஆளுக்கும் அந்தக் கூடையில் பங்கு இருந்தது என்பதை நினைக்கும்போது எனக்கு மனம் நெகிழ்கிறது.

கி.பி. 70இல் ஆலயம் அழிந்தது. ரோமப் பேரரசர் வெஸ்பாசியன் அதே காணிக்கையைத் தண்ட வரியாக்கி, ரோமில் இருந்த ஜூப்பிட்டர் கோயிலுக்குத் திருப்பிவிட்டார். யூதர்களோ ஆதார் மாதத்தையொட்டிய ஓய்வுநாளில் அந்தக் கட்டளையை இன்றும் ஜெபாலயத்தில் வாசிக்கிறார்கள். பூரிம் திருநாளுக்கு முன், அந்தந்த நாட்டு நாணயத்தின் பாதி மதிப்புள்ள காசுகள் மூன்றை ஏழைகளுக்கென்று கொடுக்கிறார்கள். கட்டளையில் காணிக்கை என்ற சொல் மூன்று முறை வருவதால் மூன்று. அரைக் காசுகள் புழக்கத்தில் அரிதான இடங்களில், ஜெபாலயத்தில் ஒரு தட்டில் மூன்று அரைக் காசுகளை வைத்திருப்பார்கள். வருபவர் தம் பணத்தைத் தட்டில் போட்டு, அந்த மூன்று காசுகளையும் கையில் தூக்கித் தமதாக்கிக்கொண்டு, மறுபடியும் தட்டிலேயே காணிக்கையாக வைத்துவிட்டு நகர்வார். பின்னால் நிற்பவர் அதே மூன்று காசுகளை எடுப்பார்.