கல்லறைப் பொருள்களைப் பட்டியலாகப் படிக்காதீர்கள்

குரூப் 2 முதன்மைத் தேர்வை முதல் தடவை எழுதியபோது ஆதிச்சநல்லூர்ப் பழங்காலக் கல்லறைகளில் கிடைத்த பொருள்களைப் பொருந்தல் என்ற ஊரில் கிடைத்ததாக எழுதிவிட்டு வந்தேன். இத்தனைக்கும் இரண்டையும் பத்துத் தடவை மனப்பாடம் செய்திருந்தேன். நான் படித்த பயிற்சி மையத்துக் குறிப்பில் எல்லா ஊருக்கும் ஒரே வரிதான்: இரும்பு, மணிகள், கறுப்பு சிவப்புப் பானை. தேர்வறையில் எல்லாம் கலந்துவிட்டது.

அந்தத் தை மாதம் காப்பிப் பழம் பறிக்கத் தாண்டிக்குடிக்கு வந்திருந்தேன். எங்கள் தோட்டத்துக்கு மேலே ஒரு கற்திட்டை, அதாவது பழங்காலக் கல்லறை, உண்டு. மூன்று பக்கம் பலகைக்கல், மேலே ஒரு மூடுகல். அப்பத்தா அதைக் குள்ளர் வீடு என்பார். மழையில் மண் அரித்த இடத்தில் ஒரு பானை ஓடு கிடந்தது. வெளியே செங்கல் சிவப்பு, உள்ளே அடுப்புக்கரி மாதிரி கறுப்பு. பானையைக் கவிழ்த்துச் சுட்டால் காற்றுப் படாத உட்புறம் கறுக்கும், வெளிப்புறம் சிவக்கும் என்று எத்தனை தடவை படித்திருப்பேன்! அந்த ஓட்டைத் திருப்பிப் பார்த்தபோதுதான் புரிந்தது. பார்த்துவிட்டு எடுத்த இடத்திலேயே வைத்தேன். நீங்களும் வைத்துவிடுங்கள், கிடந்த இடத்தை விட்டு நகர்ந்த ஓடு எதையும் சொல்லாது.

அன்று முதல் ஒரு கல்லறைக்கு ஒரு பக்கம் என்று நோட்டில் வரைய ஆரம்பித்தேன். படம் அழகாக வர வேண்டியதில்லை. எது எதற்குள் இருந்தது என்று தெரிந்தால் போதும். பொருந்தல், பழனிக்குப் பக்கத்தில் எங்கள் மலையடிவாரத்து ஊர். அங்கே பேராசிரியர் கா. ராஜன் அகழ்ந்த கல்லறையில் நான்கு கால் சாடி ஒன்று. அதற்குள் ஏறக்குறைய 2 கிலோ நெல். பானை வைக்கும் பிரிமனையில் 'வய்ர' என்று தமிழி, அதாவது பழந்தமிழ் எழுத்து. நெல்லின் காலம் கி.மு. 490 என்று வந்தது. நெல்லையும் எழுத்தையும் ஒரே படத்தில் வரைந்த பிறகு எனக்கு அந்த ஆண்டு மறக்கவே இல்லை. ஆதிச்சநல்லூருக்குத் தாழியும், அங்கே அகழ்ந்த அலெக்சாண்டர் ரீ கண்டெடுத்த மெல்லிய தங்க நெற்றிப்பட்டமும். நீலகிரிக்கு, மூடியில் எருமை நிற்கும் உயரமான மண்கலம். கீழே, அந்தக் கல்லறைகளைப் பற்றி எழுதிய பிரீக்ஸ் பெயரும் 1873 என்று அவருடைய நூல் வந்த ஆண்டும். பழனி மலைக் கற்திட்டைகளுக்கு, அவற்றைப் பற்றி நூல் எழுதிய ஆங்கிலேட் பாதிரியார், அது வந்த ஆண்டு 1928.

உலக வரலாற்றுக்கும் இதே வழிதான். மெசபடோமியாவில் 'ஊர்' என்ற பெயருள்ள பழைய நகரத்து அரசி புவாபியின் கல்லறையை வரைந்தால் சூதுபவளம் என்ற செந்நிறக் கல்லும் லாபிஸ் லசூலி என்ற நீலக்கல்லும் வரும். நீலக்கல் ஆப்கானிஸ்தான் மலையிலிருந்து போனது, சூதுபவளம் சிந்துவெளிப் பக்கத்திலிருந்து போனது என்று ஓரத்தில் அம்புக்குறி போட்டால் வணிகம் பற்றிய கேள்விக்கும் பாதி விடை தயார். எகிப்து அரசன் துட்டன்காமனோடு கல்லறையில் வைத்த இரும்புக் குத்துவாள் விண்கல் இரும்பில் செய்தது. அன்றைக்கு அங்கே இரும்பு அரசனுக்கே அபூர்வம். நம் ஊர்க் கல்லறைகளிலோ இரும்பு வாளும் கத்தியும் சாதாரணமாகக் கிடைக்கின்றன. இந்த ஒப்பீட்டை விடையில் இரண்டு வரியாவது எழுதுங்கள்.

அறிஞர் பெயர், ஆண்டு எல்லாம் படத்தின் அடியில் ஒரே வரியில் இருக்கட்டும். கடைசி வாரம் நான் புத்தகத்தைத் தொடவில்லை. விடிகாலையில் வெள்ளைத்தாளை எடுத்து ஒவ்வொரு கல்லறையையும் பார்க்காமல் வரைந்து, விட்டுப்போன பொருளைச் சிவப்பு மையில் போட்டேன். இரண்டாவது தடவை அந்தப் பகுதியில் ஒரு கேள்வியையும் விடாமல் எழுதினேன்.