லித்தியம் சாப்பிடும் உடம்பு: ஏழு வருட அனுபவம்

எனக்கு பைபோலார் (மன எழுச்சியும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் மனநோய்) என்று தெரிந்து ஏழு வருடம் ஆகிறது. மன எழுச்சி, மனச்சோர்வு இரண்டைப் பற்றியும் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் எழுதப்போவது உடம்பைப் பற்றி. மனசு என்னைப் படுத்திய பாடு ஒரு பக்கம் இருக்கட்டும். உடம்பில் எது வந்தாலும் அதையும் மனசின் கணக்கிலேயே எழுதி வைத்ததில் பட்ட பாடு இருக்கிறதே, அதைத்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

ஆரம்பம் ஒழுங்காகத்தான் இருந்தது. பைபோலாருக்கான மருந்தான லித்தியத்தைக் கொடுப்பதற்கு முன்பே கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு), தைராய்டு, கால்சியம், ஈசிஜி எல்லாம் பார்த்தார்கள். எடையைக் குறித்துக்கொண்டார்கள். லித்தியத்தை மற்ற மருந்துகள் மாதிரி கல்லீரல் சிதைப்பதில்லை, அது சிறுநீரகம் வழியாக அப்படியே வெளியே போக வேண்டும் என்று மருத்துவர் விளக்கினார். ரத்தத்தில் அதன் அளவு 0.6-லிருந்து 0.8 வரை இருந்தால் பெரும்பாலானவர்களுக்குப் போதும், சிலருக்கு 1.0 வரை தேவைப்படும். 1.5-ஐத் தாண்டினால் ஆபத்து. பலன் தரும் அளவுக்கும் விஷமாகும் அளவுக்கும் நடுவே அவ்வளவுதான் இடைவெளி. அதனால் முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுக்கச் சொன்னார்.

அதிலும் ஒரு விஷயம் எனக்குப் பட்டுத்தான் தெரிந்தது. கடைசியாக மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும். ஒருமுறை காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டே லேபுக்குப் போய்விட்டேன். ரிப்போர்ட்டில் 1.2 என்று வந்தது. நாள் முழுக்கப் பயந்து கிடந்தேன். மறுபடி சரியான நேரத்தில் எடுத்தபோது 0.7. ராத்திரி 9 மணிக்கு மாத்திரை என்றால் காலை 9 மணிக்கு ஊசி, அதற்கு அப்புறம்தான் காலை மாத்திரை. லேபில் இதை யாரும் கேட்க மாட்டார்கள், நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தாகமும் அடிக்கடி சிறுநீர் போவதும் முதல் மாதமே வந்துவிட்டன. ராத்திரியில் நான்கு முறை எழுந்திருப்பேன். விரல்களில் லேசான நடுக்கம் இருந்தது. சொல்லி வைத்திருந்ததால் பயப்படவில்லை.

இரண்டாவது வருடம்தான் சறுக்கியது. மனசு நிலையாக இருந்தது, வேலைக்குப் போனேன், தூங்கினேன். நன்றாகத்தானே இருக்கிறேன், எதற்கு ஊசி என்று பரிசோதனைகளைத் தள்ளிப்போட்டேன். ஆறு மாதம் ஒரு வருடமானது. அப்புறம் மெல்ல ஒரு அசதி வந்தது. எழுந்திருக்க முடியவில்லை, எதிலும் நாட்டமில்லை, பேசவே சலிப்பு. மனச்சோர்வு திரும்ப வருகிறது என்று நானே முடிவு கட்டினேன். அதையே மருத்துவரிடம் சொன்னேன். அவர் கூடுதலாக குவெட்டியாபின் என்ற இன்னொரு மனநல மருந்தை எழுதினார். தூக்கம் வந்தது, கூடவே அடங்காத பசியும் வந்தது. எட்டு மாதத்தில் 11 கிலோ ஏறினேன்.

நடுவில் ஒரு பொது மருத்துவரிடம் போனேன். முடி கொட்டுகிறது, கால் கனக்கிறது, மலச்சிக்கல் என்று சொல்ல ஆரம்பித்தேன். மருந்துச் சீட்டைப் பார்த்தார்.

“மனசுக்கு மாத்திரை சாப்பிடுறீங்கல்ல? அதான். மனசை ரிலாக்ஸா வச்சுக்குங்க, எல்லாம் சரியாப்போயிடும்.”

ஸ்டெதாஸ்கோப் அவர் கழுத்திலேயே இருந்தது. அதை எடுக்கவே இல்லை. எனக்குக் கோபம்கூட வரவில்லை என்பதுதான் இப்போது நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. அவர் சொன்னதை நானும் நம்பினேன்.

கண்டுபிடித்தது என் அக்கா. போனில் பேசிக்கொண்டிருந்தபோது, “ஏன் உன் குரல் இப்படிக் கரகரன்னு இருக்கு? சளியா?” என்று கேட்டாள். “இல்லக்கா, கொஞ்ச நாளாவே இப்படித்தான்” என்றேன். அடுத்த வாரம் நேரில் வந்தாள். வீட்டில் எல்லாரும் வேர்த்துக் கொட்டிக்கொண்டிருக்க, நான் போர்வைக்குள் இருந்தேன். என் கையைத் தடவிப் பார்த்துவிட்டு, “தோல் உப்புத்தாள் மாதிரி இருக்கு. தைராய்டு எப்போ பார்த்த?” என்றாள். என்னிடம் பதில் இல்லை.

டி.எஸ்.எச். 18 இருந்தது. தைராய்டு மந்தமானால் ஏறும் ரத்த அளவு அது. பொதுவாக 4-ஐச் சுற்றித்தான் மேல்வரம்பு. லித்தியம் தைராய்டு சுரப்பியை மந்தமாக்கும் என்பது பல காலமாகத் தெரிந்த விஷயம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்கச் சொல்வதே அதற்காகத்தான். அசதி, மந்தம், எடை, எதிலும் ஒட்டாத மனசு எல்லாம் தைராய்டு குறைந்தாலும் வரும், மனச்சோர்விலும் வரும். வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாது, ரத்தத்தில் தெரியும். ரிப்போர்ட்டைப் பார்த்த என் மனநல மருத்துவர் சிறிது நேரம் பேசவில்லை. அப்புறம், “இதை நான் முன்னாடியே கேட்டிருக்கணும்” என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே இன்றும் அவரிடம்தான் போகிறேன்.

தைராக்ஸின் என்ற தைராய்டு ஹார்மோன் மாத்திரையை ஆரம்பித்து இரண்டு மாதத்தில் குரல் திரும்பியது. ஆனால் அதே ரத்தப் பரிசோதனையில் இன்னொன்றும் தெரிந்தது. மூன்று மாதச் சர்க்கரை சராசரி 6.1. 5.7-லிருந்து 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பும் எகிறியிருந்தது. இடுப்புச் சுற்றளவை யாருமே அளந்ததில்லை, அன்றுதான் முதல்முறையாக டேப் வைத்துப் பார்த்தார்கள். பைபோலார் உள்ளவர்களின் ஆயுள் மற்றவர்களைவிடச் சராசரியாகப் பத்து வருடம் போலக் குறைவு என்றும், அதில் தற்கொலையைவிட இதய நோயின் பங்குதான் பெரியது என்றும் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். இத்தனை வருடமாக எல்லாரும் என் மனசை மட்டும் காவல் காத்துக்கொண்டிருந்தோம்.

குவெட்டியாபினை மெல்லக் குறைத்து நிறுத்தினார்கள். நானாக நிறுத்தவில்லை, எவ்வளவு கோபம் இருந்தாலும் யாரும் தாங்களாக நிறுத்திவிடாதீர்கள். லித்தியத்தைத் திடீரென்று விட்டால் மன எழுச்சி முழு வேகத்தில் திரும்பலாம். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைச் சேர்த்தார்கள், நடக்க ஆரம்பித்தேன்.

எடை குறையட்டும் என்று உப்பைக் குறைக்கச் சொல்லி ஒருவர் யோசனை சொன்னார். நல்லவேளை, மருத்துவரைக் கேட்டுக்கொண்டேன். சிறுநீரகம் லித்தியத்தை உப்பில் உள்ள சோடியம் மாதிரியே நடத்துகிறது. உடம்பில் உப்பு குறைந்தால் சிறுநீரகம் சோடியத்தைப் பிடித்து வைக்கும், அதோடு சேர்த்து லித்தியத்தையும் பிடித்து வைக்கும். ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் மன எழுச்சிக்கு லித்தியம் பலன் தருகிறது என்று எழுதியது 1949-இல். அதே வருடம் அமெரிக்காவில், உப்பு தவிர்க்க வேண்டிய இதய நோயாளிகளுக்கு மாற்று உப்பாக விற்ற லித்தியம் குளோரைடால் சிலர் இறந்து, அது தடை செய்யப்பட்டது. உப்பில்லாத உடம்பில் அளவில்லாத லித்தியம். அந்தக் கதையைப் படித்த பிறகு நான் உப்பைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. ஒரே அளவில் வைத்திருக்கிறேன்.

இவ்வளவு தெரிந்தும் நான்காவது வருடம் மாட்டிக்கொண்டேன். நடந்ததில் முழங்கால் வீங்கியது. மருந்துக் கடையில் ஐபுபுரோஃபன் வாங்கி நாளுக்கு மூன்று வேளை போட்டேன். வலி மாத்திரைதானே, அதற்கும் மனசுக்கும் என்ன சம்பந்தம் என்ற நினைப்பு. ஆறாம் நாள் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட உட்கார்ந்தேன். பேனா முனை தாளைத் தொட்டதும் கோடு ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்கியது. இது பழைய மெல்லிய நடுக்கம் இல்லை, மணிக்கட்டே ஆடியது. இடது கையால் அழுத்திப் பிடித்தும் நிற்கவில்லை. எழுந்து நடந்தால் கால் ஓரமாக இழுத்தது. பேச்சு குழறியது. வீட்டில் மனசு சரியில்லையோ என்றுதான் முதலில் பார்த்தார்கள். நான் திரும்பத் திரும்ப ஒரே வார்த்தையைச் சொன்னேன்: “ரத்தம். லித்தியம்.”

1.9 இருந்தது. உடனே சேர்த்தார்கள், லித்தியத்தை நிறுத்தி டிரிப்ஸ் ஏற்றினார்கள். மூன்று நாளில் இறங்கியது. ஐபுபுரோஃபன், டைக்ளோஃபினாக் வகை வலி மாத்திரைகள் லித்தியம் வெளியேறுவதைத் தடுக்கும். சில பி.பி. மாத்திரைகளும் அப்படித்தான். வாந்தி, வயிற்றுப்போக்கு வந்து உடம்பில் நீர் வற்றினாலும் இதே கதிதான். இப்போது வலி என்றால் பாராசிட்டமால் மட்டும், அதையும் சொல்லிவிட்டுத்தான். வயிற்றுப்போக்கு வந்தால் அன்றே மருத்துவரைக் கூப்பிட்டு லித்தியத்தை என்ன செய்வது என்று கேட்கிறேன்.

இத்தனைக்கும் பிறகு ஏன் லித்தியத்தையே சாப்பிடுகிறாய் என்று கேட்கிறார்கள். என்னை உயிரோடு வைத்திருக்கிறது, அதனால்தான். தற்கொலை அபாயத்தைக் குறைப்பதில் அதற்கு நல்ல பெயர் உண்டு. அந்த இருட்டை நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது ஒரே நோட்டு வைத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் எல்லா மருந்துகளும் டோஸோடு. பின்னால் தேதி போட்டு லித்தியம், டி.எஸ்.எச்., கிரியேட்டினின், கால்சியம், சர்க்கரை, கொழுப்பு, பி.பி., எடை, இடுப்பு. மனநல மருத்துவர், பொது மருத்துவர் இருவரும் அதே நோட்டைத்தான் பார்க்கிறார்கள்.

போன மாதம் நெஞ்சில் ஒரு இறுக்கம் வந்து ராத்திரியில் அவசர சிகிச்சைக்குப் போனேன். பணியிலிருந்த இளம் மருத்துவர் நோட்டின் முதல் பக்கத்தைப் பார்த்தார். “பதற்றம் ஏதாவது இருக்கா? சமீபத்துல டென்ஷன்?” என்று ஆரம்பித்தார்.

“இருக்கலாம் டாக்டர். முதல்ல ஈசிஜி எடுங்க, அப்புறம் அதைப் பத்திப் பேசலாம்” என்றேன்.

ஒரு நொடி என்னைப் பார்த்தார். சரி என்று சொல்லிவிட்டு ஈசிஜி எடுக்கச் சொன்னார். அதில் ஒன்றும் இல்லை, ரத்தப் பரிசோதனையிலும் ஒன்றும் இல்லை. வெறும் நெஞ்செரிச்சல். மாத்திரை எழுதிக் கொடுக்கும்போது, “இது லித்தியத்தோட ஒத்துப்போகுமான்னு ஒரு தடவை பார்த்துடறேன்” என்று அவராகவே சொன்னார்.